சை.டி.யா, பிஹெச்.டி.யா? ஏப்ரல் 15-க்குள் முடிவெடுக்க வேண்டிய வாசகிக்கு

கேள்வி: அமெரிக்காவில் உளவியலில் பி.ஏ. முடித்துவிட்டு ஒரு மருத்துவமனையின் ஆய்வுக் குழுவில் வேலை பார்க்கிறேன். வயது 26. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகி, விபத்து, வன்முறை போன்றவற்றால் மனம் உடைந்தவர்களுக்குச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது என் ஆசை. தமிழ் பேசும் முதியவர்களுக்கும் உதவ விரும்புகிறேன். இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்று, பெருநகரத்தில் உள்ள தனியார் தொழில்முறைக் கல்லூரியில் சை.டி. என்ற உளவியல் முனைவர் படிப்பு. ஆண்டுக்கு எழுபது பேரைச் சேர்க்கிறார்கள். கட்டணம் ஆண்டுக்கு 48,000 டாலர். அதில் 8,000 டாலர் குறைப்பதாகச் சொல்கிறார்கள். மற்றது, சிற்றூர் ஒன்றில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிஹெச்.டி. ஆறு பேர்தான். கட்டணம் கிடையாது, ஆண்டுக்கு 24,000 டாலர் ஸ்டைபெண்ட், அதாவது உதவித்தொகை உண்டு. ஆனால் எனக்கு அமைந்த வழிகாட்டிப் பேராசிரியர் தூக்கமின்மையில் ஆய்வு செய்கிறவர். எனக்கு ஆராய்ச்சி வேண்டாம், நோயாளிகளைப் பார்க்கத்தான் ஆசை. அப்பா பெருநகரக் கல்லூரிதான் பெயர் பெற்றது என்கிறார். தோழியோ, முதுநிலைப் படிப்பே போதும் என்கிறாள். கிரீன் கார்டு கிடைத்து இரண்டு ஆண்டு ஆகிறது. ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் என் மனம் சிற்றூர்ப் பல்கலைக்கழகத்தின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் நீங்கள் இன்னும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றுக்கு வரும் பதிலைப் பொறுத்து என் கருத்தும் மாறும். ஆகவே எதை எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். ‘எனக்கு ஆராய்ச்சி வேண்டாம், நோயாளிகளைப் பார்க்கத்தான் ஆசை’ என்கிறீர்கள். பிஹெச்.டி. முடித்தவர் ஆய்வுக்கூடத்துக்குப் போவார், சை.டி. முடித்தவர் சிகிச்சை அறைக்குப் போவார் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நடப்பு அப்படி இல்லை. 1949-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, கிளினிக்கல் உளவியலாளர் ஆய்வு, சிகிச்சை இரண்டிலும் பயிற்சி பெற வேண்டும் என்று வகுத்தது. பிஹெச்.டி. படிப்புகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. ஆய்வுக்கே காலமெல்லாம் போய்விடுகிறது, நோயாளியோடு உட்காரும் பயிற்சி போதவில்லை என்ற குறை பின்னால் எழுந்தது. 1968-இல் இல்லினாய் பல்கலைக்கழகம் முதல் சை.டி. படிப்பைத் தொடங்கியது. 1973-இல் அதே கொலராடோவின் வேல் நகரில் நடந்த மாநாடு அதை முறையான பாதையாக ஏற்றுக்கொண்டது. அந்தக் குறை அன்று நியாயமானதுதான். அதைத் தீர்க்க வந்த பட்டமும் மதிப்புள்ளதுதான்.

ஆனால் இன்று இரண்டு வழியில் வருகிறவர்களும் எழுதுவது லைசென்ஸுக்கான அதே இ.பி.பி.பி. தேர்வு. செய்வது அதே ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப். வாங்குவது அதே உளவியலாளர் லைசென்ஸ். பிஹெச்.டி. முடித்த எத்தனையோ பேர் வாழ்நாள் முழுவதும் நோயாளிகளை மட்டுமே பார்க்கிறார்கள். என்னோடு வேலை செய்தவர்களில் யார் எந்தப் பட்டம் என்பது, கதவில் இருக்கும் பெயர்ப் பலகையைப் பார்த்தால்தான் எனக்கே நினைவுக்கு வரும். பட்டத்தைவிடப் பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: படிப்புச் செலவை யார் ஏற்கிறார்கள், ஓர் ஆசிரியரின் கவனத்தை எத்தனை மாணவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சை.டி. என்றாலே பெருங்கூட்டம், பெருங்கடன் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். ரட்கர்ஸ், பேய்லர் போன்ற பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே நடக்கும் சை.டி. படிப்புகள் குறைந்த எண்ணிக்கையில் மாணவர்களைச் சேர்த்துக் கவனமாகப் பயிற்றுவிப்பவை. அப்படி ஓர் இடம் உங்கள் கையில் இருந்திருந்தால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது ஓர் அட்டவணை. அமெரிக்க உளவியல் சங்கத்தின், அதாவது ஏ.பி.ஏ.யின், அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு முனைவர் படிப்பும் தன் மாணவர்கள் என்ன ஆனார்கள் என்ற கணக்கைப் பொதுமக்கள் பார்க்கும்படி இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். படிப்பை முடிக்க எத்தனை ஆண்டு ஆனது, கட்டணம் எவ்வளவு, எத்தனை பேர் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை பேர் பாதியில் போனார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கினார்கள் எல்லாம் அதில் இருக்கும். விளம்பரக் கையேட்டில் எந்தக் கல்லூரியும் தன்னைப் பற்றித் தாழ்வாக எழுதாது. இந்த அட்டவணையில் எழுதியாக வேண்டும். இரண்டு இடங்களின் அட்டவணைகளையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படிக்கும்போது சில இடங்களில் நிதானியுங்கள். இன்டர்ன்ஷிப் பகுதியில் ‘கிடைத்தவர்கள்’ என்று ஒரு வரி இருக்கும், ‘ஏ.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற இன்டர்ன்ஷிப் கிடைத்தவர்கள்’ என்று வேறொரு வரி இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது வரியை. முதல் வரியில் 95 சதவீதமும் இரண்டாவதில் 60 சதவீதமும் இருந்தால், பத்தில் மூன்று, நான்கு பேர் அங்கீகாரம் இல்லாத இடத்தில் அந்த ஆண்டைக் கழித்திருக்கிறார்கள் என்று பொருள். இது பின்னால் வேலைக்குப் போகும்போது கடிக்கும். முன்னாள் படைவீரர் நலத்துறை மருத்துவமனைகள் அங்கீகாரம் பெற்ற இன்டர்ன்ஷிப்பைக் கேட்கும். மாநில லைசென்ஸ் வாரியங்கள் சிலவற்றில் அது இல்லாவிட்டால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சான்று காட்டி நிரூபிக்க வேண்டிவரும். சில ஆண்டுகளுக்கு முன்வரை விண்ணப்பிப்பவர்களின் எண்ணிக்கையைவிட இன்டர்ன்ஷிப் இடங்கள் குறைவாக இருந்தன. அதனால் அந்தக் காலத்து எண்களை ஓரளவு மன்னிக்கலாம். இப்போது அந்த நெருக்கடி தணிந்துவிட்டது. அண்மை ஆண்டுகளிலும் ஒரு கல்லூரியின் மாணவர்களுக்கு நல்ல இடம் கிடைக்கவில்லை என்றால் அதற்கு அந்தக் கல்லூரிதான் பதில் சொல்ல வேண்டும்.

பாதியில் போனவர்களின் வரியில் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஆறு பேர் கொண்ட வகுப்பில் ஒருவர் போனாலே 17 சதவீதம் ஆகிவிடும். அவருக்குத் திருமணமோ உடல்நலக் குறைவோ காரணமாக இருந்திருக்கலாம். எழுபது பேர் வகுப்பில் ஆண்டுதோறும் பத்து, பன்னிரண்டு பேர் போகிறார்கள் என்றால் அதில் தொடர்ச்சி இருக்கிறது. போனவர்கள் கடனை விட்டுவிட்டுப் போக முடியாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் வரி, இரண்டு முதல் பத்து ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்றவர்களைப் பற்றியது. ஆய்வை முதன்மையாகக் கொண்ட பிஹெச்.டி.யில் சிலர் பேராசிரியராகப் போய் லைசென்ஸே வாங்காமல் இருப்பார்கள்; அங்கே 85 சதவீதம் என்பது குறை ஆகாது. சிகிச்சையாளர்களை உருவாக்குவதற்கென்றே நடக்கும் சை.டி.யில் அதே 85 சதவீதம் என்றால் மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டே தீர வேண்டும். இதோடு, இ.பி.பி.பி. தேர்வை நடத்தும் ஏ.எஸ்.பி.பி.பி. அமைப்பு கல்லூரி வாரியாகத் தேர்ச்சி விவரம் வெளியிடுகிறது. அதையும் ஒரு முறை பாருங்கள்.

அங்கீகாரம் என்ற சொல்லிலும் ஏமாந்துவிடாதீர்கள். பல்கலைக்கழகம் முழுமைக்குமான அங்கீகாரம் ஒன்று. அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கான ஏ.பி.ஏ. அங்கீகாரம் வேறு. ‘லைசென்ஸ் தேவைகளுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்ட பாடத்திட்டம்’ என்று எழுதியிருந்தால் ஏ.பி.ஏ. அங்கீகாரம் இல்லை என்று எடுத்துக்கொண்டு விசாரியுங்கள். ஏ.பி.ஏ.யின் தளத்திலேயே படிப்பின் பெயரைத் தேடி, முழு அங்கீகாரமா, நிபந்தனைக்கு உட்பட்டதா என்று பார்க்கலாம்.

இனி கடன். இதில்தான் உங்கள் கடிதம் எனக்கு மிகவும் கவலை தந்தது, ஏனென்றால் நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

சலுகை போகக் கட்டணம் ஆண்டுக்கு 40,000 டாலர். நான்கு ஆண்டுக்கு 1,60,000. பெருநகரத்தில் வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஐந்தாண்டுக்கு இன்னொரு ஒன்றரை லட்சம் வரும். மொத்தம் மூன்று லட்சம் டாலரைத் தாண்டும். வட்டி எட்டு சதவீதம் என்று வைத்தாலும், மூன்று லட்சத்துக்கு ஆண்டு வட்டி மட்டும் 24,000 டாலர். சிற்றூர்ப் பல்கலைக்கழகம் உங்களுக்குத் தர முன்வந்திருக்கும் ஸ்டைபெண்டும் அதே தொகைதான். ஓரிடத்தில் அது ஆண்டுதோறும் உங்களுக்கு வரும், மற்ற இடத்தில் அசலில் ஒரு டாலர்கூடக் குறையாமல் ஆண்டுதோறும் உங்களிடமிருந்து போகும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே கணக்குப்படி உளவியலாளர்களின் நடுமட்ட ஆண்டு வருமானம் சுமார் 94,000 டாலர், அதுவும் வரிக்கு முன்னால். புதிதாக வருகிறவருக்கு அவ்வளவும் கிடைக்காது.

கடன் வாங்கும் வழியும் மாறிவிட்டது. முனைவர் படிப்பின் முழுச் செலவையும் கூட்டரசுக் கடனாகவே வாங்க உதவிவந்த ‘கிராட் பிளஸ்’ திட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்குக் கிடையாது. மற்றக் கூட்டரசுக் கடன்களுக்கும் ஆண்டு வரம்பு, மொத்த வரம்பு உண்டு. மீதியைத் தனியார் வங்கியில்தான் வாங்க வேண்டும். தனியார் கடனுக்கு வருமானத்துக்கேற்பத் தவணையைக் குறைக்கும் கூட்டரசுச் சலுகை கிடையாது. அரசு அல்லது லாப நோக்கற்ற நிறுவனத்தில் வேலை செய்து 120 தவணை கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்யும் பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டமும் அதற்குப் பொருந்தாது. ‘பின்னால் தள்ளுபடி ஆகிவிடும்’ என்று யாராவது சொன்னால், எந்தக் கடன், எத்தனை டாலர் என்று கேளுங்கள். உங்கள் படிப்பு எந்த வரம்பில் வருகிறது என்பதைக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை உதவாது.

நீங்கள் யாருக்குச் சிகிச்சை அளிக்கப் போகிறீர்கள் என்பதைக் கடைசியில் உங்கள் கடன்தான் முடிவு செய்யும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மனம் உடைந்தவர்களையும் மொழி தெரியாத முதியவர்களையும் பார்க்க ஆசைப்படுகிறீர்கள். அவர்களில் பலர் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டில் இருப்பவர்கள், அல்லது காப்பீடே இல்லாதவர்கள். மெடிக்கெய்ட் சிகிச்சையாளருக்குத் தரும் தொகை குறைவு. சமூக மனநல மையங்களின் சம்பளமும் குறைவு. மாதம் இரண்டாயிரம் டாலர் வட்டியோடு தொழிலுக்கு வருகிறவர் அங்கே எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? இப்படி வந்த எத்தனையோ இளையவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் இல்லாமலேயே, கையில் பணம் கொடுக்கக்கூடியவர்களை மட்டும் பார்க்கும் தனி கிளினிக்குக்கு மாறிவிடுகிறார்கள். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. சேரும்போதே இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லையே என்பதுதான் வருத்தம்.

தனியார் கல்லூரிகளில் நிறுவனத்தின் நிதி நிலைமையையும் விசாரிக்க வேண்டும். பல மாநிலங்களில் வளாகங்கள் நடத்திய ஆர்கோசி பல்கலைக்கழகம் 2019 மார்ச்சில் மூடப்பட்டது. ஏ.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற சை.டி. படிப்புகள் அதன் வளாகங்களில் நடந்துவந்தன. மாணவர்களுக்குச் சேர வேண்டிய கூட்டரசு உதவிப் பணம் அவர்களைச் சேரவில்லை என்று தெரிந்ததும் கல்வித் துறை நிதியை நிறுத்தியது. சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆய்வேட்டின் நடுவில் இருந்தவர்கள் வேறு கல்லூரி தேடி அலைந்தார்கள். உங்களுக்கு அனுமதி தந்திருக்கும் கல்லூரி அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. யார் நடத்துகிறார்கள், அண்மையில் கைமாறியதா, வளாகங்களை மூடுகிறார்களா என்று ஒரு நாள் உட்கார்ந்து தேடிப் பாருங்கள்.

இதெல்லாம் எண்கள். எண்களில் வராதது ஒன்று இருக்கிறது, இந்தத் தொழிலில் அதுதான் உயிர். நோயாளியோடு நீங்கள் தனியாக உட்காரும் முதல் ஆண்டில் உங்களுக்குப் பின்னால் யார் இருக்கப் போகிறார்கள்?

நம் வேலையைப் புத்தகத்தில் கற்க முடியாது, பார்த்தும் முழுக்கக் கற்க முடியாது. செய்து, செய்ததை இன்னொருவர் பார்த்து, எங்கே அவசரப்பட்டீர்கள், எங்கே நோயாளி சொல்லவந்ததைக் கேட்காமல் அடுத்த கேள்விக்குப் போனீர்கள் என்று காட்டிக்கொடுத்தால்தான் கை பழகும். இதற்குத்தான் சூப்பர்விஷன். ஏ.பி.ஏ.யின் தரவிதிகளின்படி பிராக்டிகத்தில், அதாவது படிக்கும்போதே நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியில், இருக்கும் மாணவரை மதிப்பிடும்போது அவர் சிகிச்சை அளிப்பதை நேரிலோ பதிவிலோ பார்த்திருக்க வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் வாரம் குறைந்தது நான்கு மணி நேர சூப்பர்விஷன், அதில் இரண்டு மணி நேரமாவது தனியாக. இவை குறைந்தபட்ச விதிகள். நல்ல இடங்கள் இதைத் தாண்டிப் போகும், சுமாரான இடங்கள் விதிக்கு ஒரு தடவை பார்த்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடும். மாணவர் தன் நினைவிலிருந்து சொல்வதைக் கேட்டு மட்டும் நடக்கும் சூப்பர்விஷனை நான் நம்புவதில்லை. தான் தவறவிட்டதை அவர் எப்படிச் சொல்வார்? தவறவிட்டது அவருக்கே தெரியாதே.

ஆகவே இரண்டு இடங்களிலும் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களிடம் பேசுங்கள். கல்லூரி அறிமுகப்படுத்தும் ஒருவரோடு நிறுத்திக்கொள்ளாமல், நீங்களே தேடிப்பிடித்த ஒருவரிடமும் பேசுங்கள். ‘பிடித்திருக்கிறதா’ என்று கேட்டால் ‘பிடித்திருக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். ‘உங்கள் முதல் நோயாளியின் பதிவை யார் பார்த்தார்? எத்தனை நிமிடம் பார்த்தார்? கடைசியாக ஒரு சூப்பர்வைசர் உங்கள் சிகிச்சையை நேரடியாகப் பார்த்தது எப்போது?’ என்று கேளுங்கள். தற்கொலை எண்ணம் சொல்லும் நோயாளி மாலை ஆறு மணிக்கு எதிரே இருக்கும்போது யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தயங்காமல் ஒரு பெயர் வந்தால் அது நல்ல இடம்.

பிராக்டிகம் இடங்களை யார் பிடித்துத் தருகிறார்கள் என்பதும் முக்கியம். சிறிய படிப்புகள் பெரும்பாலும் துறையின் சொந்தப் பயிற்சி கிளினிக்கில் தொடங்கும். பெருநகரத்தில் நல்ல மருத்துவமனைகள் நிறைய இருக்கும், உண்மைதான். ஆனால் அதே மருத்துவமனைக்கு நான்கைந்து கல்லூரிகளின் மாணவர்கள் போட்டியிடுவார்கள். எழுபது பேரில் ஒருவராக நீங்கள் தனியே விண்ணப்பித்து அலைய வேண்டியிருக்கலாம். நகரத்தின் பெயரைக் கேட்டு மயங்காமல், போன ஆண்டு உங்களைப் போன்ற இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எங்கெங்கே போனார்கள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்குச் சிகிச்சை அளிக்கும் இடம் எத்தனை என்று எண்ணுங்கள். சிற்றூரின் பட்டியலில் ஒன்றுகூட இல்லையென்றால் என் சாய்வை மறுபரிசீலனை செய்யத் தயார்.

வழிகாட்டிப் பேராசிரியர் தூக்கமின்மையில் ஆய்வு செய்கிறவர் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல செய்தியாகவே படுகிறது. பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் தூக்கம் கெடுவதும் கெட்ட கனவுகளும் மிகப் பரவலான தொல்லைகள். மற்ற அறிகுறிகள் குறைந்த பின்னும் தூக்கம் திரும்பாத நோயாளிகள் ஏராளம். கனவுகளுக்கென்றே, கனவின் போக்கை விழித்திருக்கும்போது மாற்றி எழுதி ஒத்திகை பார்க்கும் சிகிச்சை முறை இருக்கிறது. முன்னாள் படைவீரர் நலத்துறை, அதிர்ச்சிக்கான உளச்சிகிச்சைகளோடு தூக்கமின்மைக்கான அறிதல்-நடத்தைச் சிகிச்சையையும் நாடு முழுவதும் தன் சிகிச்சையாளர்களுக்குக் கற்பித்திருக்கிறது. ‘அதிர்ச்சிக்கு ஆளானவர்களின் தூக்கம் பற்றி ஆய்வேடு எழுத இடம் தருவீர்களா’ என்று பேராசிரியரிடமே கேளுங்கள். முகம் மலர்ந்தால் உங்கள் இரண்டு விருப்பங்களும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும்.

அவரிடம் இன்னொன்றையும் ஒளிக்காமல் கேட்க வேண்டும்: முடித்த பின் சிகிச்சைப் பணிக்குத்தான் போகப்போகிறேன், அதில் உங்களுக்கு மனக்குறை இருக்குமா? சில பிஹெச்.டி. படிப்புகள் ஆய்வாளர்களை உருவாக்குவதையே தங்கள் நோக்கமாக அறிவித்திருக்கின்றன. அங்கே சிகிச்சைக்குப் போகிறவரை வீணாய்ப்போனவர்போலப் பார்க்கும் பேராசிரியர்களும் உண்டு. ஐந்தாறு ஆண்டுகள் அப்படி ஒருவரின் கீழ் இருப்பது பெரிய துன்பம். அவருடைய பழைய மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று பார்த்தால் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். அவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினாலோ ஓய்வுபெற்றாலோ உங்கள் நிலை என்ன, வழிகாட்டியை மாற்றிக்கொள்ள இடமுண்டா என்பதைத் துறையின் பயிற்சி இயக்குநரிடம் கேளுங்கள். ஸ்டைபெண்ட் ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா, எத்தனை ஆண்டுக்கு உறுதி, மருத்துவக் காப்பீடு உண்டா, கல்விக் கட்டணம் போக மாணவர்களிடம் தனியாக வாங்கும் மற்றக் கட்டணங்கள் எவ்வளவு என்பவற்றையும் அவரே சொல்வார். 24,000 டாலரில் வாழ்வது எளிதல்ல என்பதை நான் மறைக்க மாட்டேன். கைக்கும் வாய்க்குமாகத்தான் இருக்கும்.

கிரீன் கார்டு பற்றி ஒரு வார்த்தை. முன்னாள் படைவீரர் நலத்துறையின் இன்டர்ன்ஷிப்புகள் அதிர்ச்சிச் சிகிச்சை கற்க மிகச் சிறந்த இடங்கள், ஆனால் அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள். பொதுவாக கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டு ஆனதும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு இன்டர்ன்ஷிப் ஐந்தாம் ஆண்டிலோ ஆறாம் ஆண்டிலோதான் வரும். காலம் சரியாக இருக்கிறது, தள்ளிப்போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோழி சொல்வதை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். சமூகப்பணியிலோ மனநல ஆலோசனையிலோ இரண்டு, மூன்று ஆண்டு முதுநிலைப் படிப்பு முடித்து, சூப்பர்விஷன் மணிநேரங்களை நிறைவுசெய்து, லைசென்ஸ் பெற்றுத் தனியாகச் சிகிச்சை அளிக்கலாம். சமூகப்பணி லைசென்ஸ் உள்ளவர்கள் முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரிடம் கட்டணம் பெறுவது நெடுநாளாக நடக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் மனநல ஆலோசகர்களும் குடும்பச் சிகிச்சையாளர்களும் பெறலாம். முதியவர்களைப் பார்க்க ஆசைப்படும் உங்களுக்கு இது பெரிய விஷயம். நான் மதிக்கும் அதிர்ச்சிச் சிகிச்சையாளர்களில் முதுநிலைப் பட்டத்தோடு இருப்பவர்கள் பலர். முனைவர் படிப்பு கூடுதலாகத் தருவது உளவியல் சோதனைகளும் மதிப்பீட்டு அறிக்கைகளும், மருத்துவமனைகளில் மூத்த பொறுப்புகள், கற்பிக்கும் வாய்ப்பு. இவற்றில் உங்களுக்கு ஆசை இருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். இல்லையென்றால், மூன்று லட்சம் டாலர் கடனோடு வரும் சை.டி.யைவிட மாநிலப் பல்கலைக்கழக முதுநிலைப் படிப்பு எனக்கு நல்லதாகத் தெரிகிறது. பிஹெச்.டி.யில் கட்டணமில்லாமல் இடம் இருப்பதால்தான் அதை முதலில் வைக்கிறேன்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளை பெயர் பெற்ற இடத்தில் படிக்க வேண்டும் என்று நினைப்பது எந்தத் தகப்பனுக்கும் இயல்புதான். அவரிடம் வாதாடுவதைவிட அந்த இரண்டு அட்டவணைகளையும் கடன் கணக்கையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். இன்டர்ன்ஷிப் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து விண்ணப்பங்கள் படித்தவள் என்ற முறையில் அவருக்கு ஒன்று சொல்வேன்: நாங்கள் முதலில் பார்ப்பது அங்கீகாரத்தை. பிறகு என்ன மாதிரி நோயாளிகளைப் பார்த்திருக்கிறார், சூப்பர்வைசர் என்ன எழுதியிருக்கிறார் என்பதை. கல்லூரியின் பெயர் எங்கள் பேச்சில் வருவது அபூர்வம்.

தமிழில் சிகிச்சை அளிக்க அமெரிக்காவில் எந்தப் படிப்பும் உங்களுக்குக் கற்றுத்தராது, அதை எதிர்பார்க்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளரோடும் புலம்பெயர்ந்த குடும்பங்களோடும் வேலை செய்யும் பிராக்டிகம் இடம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பின்னாளில் சை-பேக்ட் என்ற மாநிலங்களுக்கிடையேயான ஒப்பந்தத்தின் வழியாக, ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் வைத்துக்கொண்டு அதில் சேர்ந்திருக்கும் மற்ற மாநிலங்களில் இருப்பவர்களையும் காணொளியில் பார்க்கலாம். நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. சிதறிக் கிடக்கும் தமிழ் முதியவர்களை அடைய இதைவிட நல்ல வழி இல்லை. அந்த அனுமதிக்கும் நீங்கள் படித்த படிப்பின் அங்கீகாரத்தைப் பார்ப்பார்கள்.

ஏப்ரல் 15 என்பது, நிதியுதவியோடு வரும் அனுமதிக்குப் பதில் சொல்ல மாணவர்களுக்கு அவகாசம் தரும் வகையில் பட்டமேற்படிப்புக் கல்லூரிகளின் மன்றம் தன் தீர்மானத்தில் வகுத்த நாள். அதற்கு முன்னால் நெருக்கினால் இந்தத் தீர்மானத்தைக் குறிப்பிட்டுப் பணிவாக எழுதுங்கள். சை.டி. கல்லூரி முன்பணம் கேட்டால், திரும்பக் கிடைக்குமா என்று தெரியாமல் கட்ட வேண்டாம். இந்த வாரமே நான்கு பேரிடம் பேசிவிடுங்கள்: ஒவ்வோர் இடத்திலும் ஒரு மூத்த மாணவர், தூக்க ஆய்வுப் பேராசிரியர், சிற்றூர்ப் பயிற்சி இயக்குநர். பேராசிரியரின் பதிலும் மாணவரின் பதிலும் சரியாக இருந்தால் பிஹெச்.டி.க்கு ஒப்புதல் தாருங்கள். இரண்டும் மோசமாக இருந்தால், மனமில்லாமல் சை.டி.யில் சேருவதைவிட இந்த ஆண்டை விட்டுவிட்டு, முதுநிலைப் படிப்புகளையும் ஆலோசனை உளவியல் பிஹெச்.டி.களையும் சேர்த்து மறுபடி விண்ணப்பியுங்கள். ஆலோசனை உளவியலும் அதே லைசென்ஸுக்குக் கொண்டுபோகும் படிப்பு, பலர் அதைப் பட்டியலில் சேர்க்கவே மறந்துவிடுகிறார்கள். முனைவர் படிப்பு விண்ணப்பங்களில் பெரும்பாலானவை டிசம்பரில் முடியும்; உங்களுக்கு எட்டு மாதம் இருக்கிறது, கையில் வேலையும் இருக்கிறது.

முடிவு எடுத்த அன்றே மற்ற இடத்துக்கு மறுப்பு எழுதிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் யாருக்கோ அந்த இடம் போக வேண்டும், அவருக்கும் அதே ஏப்ரல் 15 தான்.